பறிபோன லைசென்ஸ்

ஸர்க்கார் நமக்குக் கொடுக்கும் காகிதங்கள் அநேகம். பெரும்பாலானவற்றை நாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவசியம் வரும்போது எடுத்துத் தூசி தட்டுகிறோம். மோட்டார் ஓட்டுகிறவனுடைய லைசென்ஸ் அப்படியல்ல. அது அவனுடைய சட்டைப் பையிலேயே வாசம் செய்கிறது. அவனோடு ஊர் ஊராகச் சுற்றுகிறது. சிலருக்கு அது வெறும் சௌகரியம். ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போகிற கனவானுடைய லைசென்ஸ் மூன்று மாதம் இல்லாமற் போனால் அவர் பஸ்ஸில் போவார், கொஞ்சம் வியர்க்கும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் லாரியோ, பஸ்ஸோ, வாடகைக் காரோ ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அந்தச் சிறிய அட்டைதான் நிலம், நீர், மாடு, கன்று எல்லாம். அது போய்விட்டால் மறுவாரம் அவன் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்.

அந்த அட்டை பறிபோனால் சட்டப்படி அதை எவ்வாறு திரும்பப் பெறுவது என்பதை இந்த வாரம் எழுத உத்தேசம். "குற்றம் செய்தவனுக்கு வழி சொல்லிக் கொடுப்பது ஒரு வாத்தியார் செய்யும் வேலையா?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2022ஆம் ஆண்டில் மட்டும் நமது தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று மத்திய ஸர்க்காரின் கணக்கே சொல்கிறது. காலையில் வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்பட்டு மாலையில் திரும்பாதவர்கள் அத்தனை பேர்! இதைப் படித்த பிறகு, கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவனிடம் இரக்கம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. லைசென்ஸைப் பிடுங்குவது அவசியமான சிக்ஷை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் சிக்ஷைக்கு ஓர் அளவு உண்டு; அந்த அளவு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான். சட்டம் தெரியாத ஒருவனுக்கு அதே மூன்று மாதம் ஒன்பது மாதமாக நீளுவதும், இன்னொருவன் தரகரைப் பிடித்து மூன்றே நாளில் காரியத்தை முடித்துக்கொள்வதும் எந்த ஊர் நியாயம்?

மோட்டார் வண்டிகளுக்கு இந்நாட்டில் முதன்முதலாக அகில இந்தியச் சட்டம் வந்தது 1914ஆம் ஆண்டில். பிறகு 1939ஆம் ஆண்டில் இன்னொன்று வந்தது. இரண்டும் வெள்ளைக்கார ஸர்க்கார் போட்டவை. நாம் சுதந்திரம் பெற்று 42 வருஷங்கள் அந்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினோம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நமது பார்லிமெண்டு நிறைவேற்றிய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் தேதிதான் அமலுக்கு வந்தது; அதற்கு 2019ல் பெரிய திருத்தம் ஒன்று செய்தார்கள். அந்நியன் போட்ட சட்டத்தைக் கண்டு மிரண்டு ஒதுங்கிய காலம் வேறு. நம்முடைய பிரதிநிதிகளே போட்ட சட்டத்தையும் அதே மாதிரி, பேயைக் கண்டவன் போலத் தூரத்தில் நின்று பார்ப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நிற்க. லைசென்ஸ் பறிபோவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைப்பது. மற்றொன்று, அடியோடு ரத்துச் செய்வது. முன்னது பூட்டிய கதவு. பின்னது இடித்த வீடு. நிறுத்தி வைக்கவோ, ரத்துச் செய்யவோ 19ஆம் பிரிவின்படி அதிகாரம் உடையவர் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி, அதாவது வழக்கமாக நாம் ஆர்.டி.ஓ. என்று சொல்லும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி. கோர்ட்டுக்கும் அவ்வதிகாரம் உண்டு. உதாரணமாக, குடித்துவிட்டு ஓட்டினான் என்று கோர்ட் தண்டித்தால், குறைந்தது ஆறு மாதத்துக்கு அவனுடைய லைசென்ஸை நிறுத்தியே ஆகவேண்டும். சாலையில் நிற்கும் போலீஸ்காரருக்கு அட்டையைக் கைப்பற்றி அனுப்பும் உரிமைதான் உண்டே தவிர, "உன் லைசென்ஸ் இன்றோடு முடிந்தது" என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது.

என்னென்ன குற்றங்களுக்கு அட்டையைக் கைப்பற்றலாம்? மிதமிஞ்சிய வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், ஓட்டிக்கொண்டே செல்போனைக் கையில் பிடித்தல், குடி, சாலையில் பந்தயம் விடுதல் இவையெல்லாம் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழி விடாததும் உண்டு. இவற்றை யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் இரு சக்கர வண்டியில் போனாலும், அதில் மூன்று பேர் ஏறினாலும், 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸும் போகும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பின்பாதி தெரியும்?

இவ்வளவு கடுமை ஏற்பட்டதற்கு நம்மவர் ஒருவரும் காரணம். கோயமுத்தூரைச் சேர்ந்த எலும்புச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொது நல வழக்குத் தொடுத்தார். முறிந்த எலும்புகளை ஒட்ட வைப்பதோடு திருப்தியடையாமல், எலும்புகள் ஏன் முறிகின்றன என்று கேட்கத் துணிந்தது பெரிய காரியம். அதன் பேரில் 2014ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. வேகம், சிவப்பு விளக்கு, குடி, செல்போன், சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் ஆகிய ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்த வேண்டும் என்று அந்தக் கமிட்டி 2015ல் எல்லா மாகாணங்களுக்கும் எழுதிற்று.

இனி, அட்டை கையை விட்டுப் போன தருணத்திலிருந்து பார்ப்போம். அட்டையை வாங்கிக்கொள்ளும் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒரு ரஸீது கொடுக்க வேண்டும். ரஸீதிலும் இரு வகை உண்டு என்பதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் சம்மனுக்கு வராமல் ஓடிவிடுவார் என்ற சந்தேகத்தில் அட்டையை வாங்கி வைத்தால், அந்த ரஸீதைக் காட்டி அதில் குறித்த தேதி வரையில் வண்டி ஓட்டலாம். ஆனால் மேலே சொன்ன குற்றங்களுக்காக அட்டையைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால், அப்போது கொடுக்கும் ரஸீது வண்டி ஓட்ட அனுமதி ஆகாது. அட்டை திரும்பி வரும் வரையில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒரே துண்டுக் காகிதம்தான். "ரஸீது இருக்கிறதே!" என்று தைரியமாக ஓட்டிச் சென்று இரண்டாவது குற்றத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ரஸீதில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வது உத்தமம்.

அடுத்தபடியாக ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வரும். "உமது லைசென்ஸை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதற்குச் சமாதானம் சொல்லவும்" என்பது அதன் சாரம். இந்தக் கடிதத்தைப் போல் தவறாக அர்த்தம் செய்துகொள்ளப்படும் கடிதம் வேறு இல்லை. ஜனங்கள் இதைத் தண்டனை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது தண்டனைக்கு முன் சட்டம் வைத்திருக்கும் நாற்காலி. வந்து உட்கார்ந்து பேசு என்று அழைக்கிறது. லைசென்ஸ்தாரர் தம் கட்சியைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமலும், காரணங்களை எழுத்து மூலம் பதிவு செய்யாமலும் போடும் உத்தரவு நிற்காது.

என்னிடம் படிக்கும் ஒரு மாணவனுடைய தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் மாலை பழுப்பு நிற உறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். தேதியைப் பார்த்தேன், வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. பதில் சொல்ல ஏழு நாள் கெடு. இவ்வளவு நாளும் அது ஸ்வாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம்!

"யாரிடமாவது காட்டினீர்களா?" என்றேன்.

"ஒரு தரகர் பார்த்தார், ஸார். ஐயாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்றார்."

"போனில் பேசிக்கொண்டே ஓட்டியதாக எழுதியிருக்கிறதே, பேசினீர்களா?"

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். "பேசினேன், ஸார். முதலாளி கூப்பிட்டார். எடுக்கவில்லையென்றால் அடுத்த லோடு வேறு ஆளுக்குப் போய்விடும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் நமது சாலைகளின் கதை பாதி அடங்கிவிட்டது. லைசென்ஸ் பறிபோனது டிரைவருக்கு. கூப்பிட்ட முதலாளிக்கு ஒன்றும் பறிபோகவில்லை. நிற்க, பேசினதைப் பேசவில்லை என்று எழுத நான் சம்மதிக்கவில்லை. அவரும் அப்படிக் கேட்கவில்லை. பதில் தாமதமானதன் காரணம், இதற்கு முன் தம் பேரில் இத்தகைய குற்றம் எதுவும் இல்லை என்பது, அட்டையைக் கைப்பற்றிய நாளிலிருந்தே தாம் வண்டி ஓட்டவில்லை என்பது, ஆகையால் நிறுத்தி வைக்கும் காலத்தை அந்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கை, நேரில் வந்து சொல்ல அனுமதி — இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதினோம். ஆபீஸில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார். அதிகாரி அழைத்து விசாரித்தார். மூன்று மாதம் நிறுத்தி வைத்தே உத்தரவு வந்தது. ஆனால் கணக்கு அட்டையைக் கைப்பற்றிய நாளிலிருந்து ஆரம்பமாயிற்று. இருபத்தாறு நாள் மிச்சம்! நாட்கூலிக்காரர் வீட்டில் இருபத்தாறு நாள் என்பது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் என் எழுத்தின் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அவர் கேட்டார், கிடைத்தது. தரகருக்குப் போகவிருந்த ஐயாயிரமும் வீட்டிலேயே தங்கிற்று.

போலீஸார் கைப்பற்றி அனுப்பிய லைசென்ஸ் விஷயத்தில் முதல் தடவைக் குற்றமென்றால் அதிகாரிக்கு இரண்டே வழிகள்தாம். காரணம் திருப்தியாக இருந்தால் விட்டுவிடலாம். இல்லாவிட்டால் மூன்று மாதம் நிறுத்தலாம். ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்ற பேரத்துக்கு இடமில்லை. இரண்டாம் தடவையானால் ரத்து. ரத்தானவர்களுடைய பெயரை ஊரறியப் பிரசுரிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

உத்தரவு தவறு என்று தோன்றினால் அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மேலதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். முப்பதாவது நாள் விழித்துக்கொண்டு ஓடுவதைவிட, உறையின் மேலேயே அது வந்து சேர்ந்த தேதியை எழுதி வைப்பது நல்ல பழக்கம். இதைவிடக் குறைவாக அறியப்பட்ட இன்னொரு வழி 23ஆம் பிரிவில் இருக்கிறது. உத்தரவு போட்டு ஆறு மாதம் கடந்த பின், எந்தக் கோர்ட் அல்லது எந்த அதிகாரி அதைப் போட்டாரோ அவரிடமே, "இனித் தடையை நீக்கி அருள வேண்டும்" என்று மனுச் செய்யலாம். சகல சந்தர்ப்பங்களையும் யோசித்து அவர் அதை நீக்கலாம், அல்லது மாற்றலாம். மனுத் தள்ளுபடியானால் மறுபடி கேட்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று நீண்ட தடை பெற்றவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். இந்த வழியில் போனவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

பஸ் டிரைவர்களைப் பற்றித் தனியாகச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். ஒரு விபத்தில் யாராவது இறந்துவிட்டால், வழக்குப் பதிவான மாத்திரத்தில் டிரைவருடைய லைசென்ஸ் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தானாகவே ஆறு மாதம் நிறுத்தி வைக்கும் 21ஆம் பிரிவு, அபாயகரமாக ஓட்டியதற்காக முன்னரே ஒரு தடவை தண்டனை பெற்றவனுக்குத்தான் பொருந்தும். அதிலும் நடுவில் அவன் விடுதலையானால் அன்றே தடை நீங்கிவிடும். மற்றவர்கள் விஷயத்தில், போலீஸார் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையை மட்டும் ஆதாரமாக வைத்துப் போட்ட உத்தரவுகளைச் சென்னை ஹைகோர்ட் பல வழக்குகளில் ரத்துச் செய்திருக்கிறது. இறந்தவருடைய குடும்பத்தின் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுக்கு நஷ்ட ஈடும் நியாயமும் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஊரார் கோபத்தைத் தணிப்பதற்காக விசாரணைக்கு முன்பே டிரைவரின் குழந்தைகளைப் பட்டினி போடுவது நியாயத்தில் சேர்ந்ததாகுமா?

பல வகை வண்டிகள் ஓட்ட அனுமதி பெற்றவருக்கு ஒரு வகையில் மட்டும் தடை விதித்தால், அட்டையில் அதைக் குறித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பஸ் ஓட்டக் கூடாதென்றால் சொந்த மோட்டார் சைக்கிளும் ஓட்டக் கூடாது என்று அர்த்தமில்லை. உத்தரவை வரி வரியாகப் படித்தால்தான் இது தெரியும்.

அடியோடு ரத்தாகிவிட்டால் சங்கடம் அதிகம். தடைக் காலம் இருந்தால் அது முடியும் வரை காத்திருந்து, பள்ளியில் முதல் வகுப்பில் சேருகிற பிள்ளை போல மறுபடியும் பழகுநர் லைசென்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகே ஓட்டிக் காட்டும் பரீட்சை. இலகு ரக வண்டி லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம் பூர்த்தியான பின்பே வாடகை வண்டிக்கும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பழகுநர் லைசென்ஸ் கொடுப்பார்கள். இருபது வருஷம் லாரி ஓட்டியவரும் ஒரு வருஷத்துக்கு மேல் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஆகையால் முதல் உத்தரவைச் சாதாரணமாக எண்ணி இரண்டாவதற்கு இடம் கொடுப்பது பெரும் அவிவேகம்.

தடைக் காலத்தில் ஓட்டினால் என்ன? பலரும் கேட்பது இதுதான். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுவது மட்டுமல்ல, தடை இருக்கும்போது இன்னொரு லைசென்ஸுக்கு மனுப் போடுவதும் அதே குற்றம். முன்பெல்லாம் சிலர் "பழைய அட்டை தொலைந்துவிட்டது" என்று நகல் வாங்குவதும், பக்கத்து மாகாணத்துக்குப் போய்ப் புதிதாக எடுப்பதும் வழக்கம். 2020 அக்டோபர் முதல் நிறுத்தி வைத்த லைசென்ஸ்களையும் ரத்தான லைசென்ஸ்களையும் ஸர்க்காரின் இணையதளத்தில் வரிசைப்படி பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது வேறொன்று. தடை பெற்றவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையே காரணமாகக் காட்டிப் பொறுப்பிலிருந்து விலக இடமுண்டு. நஷ்ட ஈட்டுத் தொகை வண்டிக்காரர் தலையில் விழும். வீட்டை விற்றாலும் தீராத தொகையாக அது இருக்கலாம்.

தடைக் காலம் முடிந்தவுடன் அட்டை தானாக வீடு தேடி வந்துவிடாது. ஓட்டுநர்களுக்கான புத்துணர்வுப் பயிற்சியை, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியிலோ ஸர்க்கார் குறிப்பிடும் வேறு ஸ்தாபனத்திலோ முடித்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. "முப்பது வருஷம் ஓட்டியவனுக்குப் பாடமா?" என்று சிலர் இதைக் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். இருபது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த உபாத்தியாயர்களையும் கோடை விடுமுறையில் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே போகத்தான் போகிறோம். போய் வந்தால் ஏதாவது ஒன்று மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. கடைசி வாரம் வரை காத்திராமல் தடைக் காலத்தின் நடுவிலேயே இதை முடித்துச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால், தடை முடியும் நாளில் ஆபீஸ் வாசலில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிராது.

அன்றைய தினம் எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: உத்தரவின் நகல், கைப்பற்றியபோது கொடுத்த ரஸீது, பயிற்சிச் சான்றிதழ், அபராதம் கட்டிய ரஸீது. மருத்துவச் சான்றிதழோ லைசென்ஸோ நடுவில் காலாவதி ஆகியிருந்தால் அதற்கான மனுவையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். அட்டை கைக்கு வந்ததும் உடனே வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது. "சாரதி" என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்களே, ஸர்க்காரின் அந்த இணையதளப் பதிவில் உங்கள் பெயருக்கு எதிரே தடை நீங்கியதாகக் குறித்தாகிவிட்டதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனைச் சாவடியில் நிற்கிற உத்தியோகஸ்தர் உங்கள் கையிலுள்ள அட்டையைவிடத் தம் கையிலுள்ள கருவியைத்தான் அதிகமாக நம்புவார். அதில் இன்னும் தடை என்று காட்டினால், பதிவைத் திருத்தித் தரும்படி எழுத்து மூலம் கேட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, அன்று ஒரு நாள் பஸ்ஸில் வீடு திரும்பலாம்.